உள்ளிணைந்த பேட்டரியா, கழற்றி மாற்றும் செல்லா? லெஸ்டரில் இருக்கும் மாமாவின் வேப் (மின்சிகரெட்) கருவி குறித்து ஒரு கேள்வி

காகிதப்பட்டறை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வேலூரில் செவிலியர் படிப்பை முடித்த என் அக்காள் இப்போது இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் ஒரு மருத்துவமனையில் பணிபுரிகிறார். மாமா, ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த காலத்திலிருந்தே நாளொன்றுக்கு ஒரு பாக்கெட் சிகரெட் பிடித்து வந்தவர். அங்கே சென்ற பிறகு சிகரெட்டை விட்டுவிட்டு, ஒருமுறை பயன்படுத்தி எறிந்துவிடும் வேப் கருவிகளுக்கு மாறினார். 2025 ஜூன் 1 முதல் அந்த நாட்டில் அவ்வகைக் கருவிகளின் விற்பனை தடை செய்யப்பட்டுவிட்டதால், திரவம் நிரப்பி மீண்டும் மீண்டும் பயன்படுத்தக்கூடிய சிறிய பாட் கருவி ஒன்றை வாங்கினார். அதன் பேட்டரியின் கொள்ளளவு 800 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி), உள்ளேயே பொருத்தப்பட்டது, கழற்ற முடியாது.

தொடக்கத்தில் இரவு வரை தாக்குப்பிடித்த அந்தக் கருவி இப்போது பிற்பகலிலேயே அணைந்துவிடுவதாகச் சொல்கிறார். அணைந்த நேரத்தில் பக்கத்தில் யாரிடமாவது சிகரெட் கேட்கத் தோன்றுகிறது என்பதுதான் அக்காளின் கவலை. கடைக்காரர் 18650 என்ற உருளை வடிவப் பேட்டரிச் செல்லைக் கழற்றி மாற்றக்கூடிய பெரிய கருவி ஒன்றைக் காட்டியிருக்கிறார். தனிச் செல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அலைவது ஆபத்து என்று அக்காள் மறுக்கிறார். நான் மின்னணுவியல் படித்தவன் என்ற ஒரே காரணத்தால் தீர்ப்பு என்னிடம் வந்திருக்கிறது; எனக்கோ இந்தக் கருவிகளைப் பற்றி எதுவும் தெரியாது.

எது மேல், எது நீடிக்கும் என்பது முதல் கேள்வி. பழைய பேருந்து நிலையம் பக்கம் டார்ச் விற்கும் கடைகளில் 9900 எம்ஏஎச் என்று அச்சிட்ட 18650 செல்கள் மிக மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றை வாங்கி அனுப்பலாமா என்பது இரண்டாவது. மாமா பொங்கலுக்கு மூன்று வாரம் ஊருக்கு வருகிறார். கருவியை இங்கே கொண்டுவரலாமா என்பது மூன்றாவது.

சிப்காட் செல் எழுதியது:

வணக்கம். நான் ராணிப்பேட்டையில் மின்சார இருசக்கர வண்டிகளுக்கான பேட்டரித் தொகுப்புகளோடு வேலை செய்பவன். வேப் பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் நீங்கள் கேட்கும் உருளைச் செல்லை அன்றாடம் கையாளுகிறேன்.

முதலில் இரண்டாவது கேள்வியை முடித்துவிடுகிறேன். 9900 எம்ஏஎச் கொண்ட 18650 செல் உலகத்தில் கிடையாது. 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட உருளைக்குள், பெயர்பெற்ற தயாரிப்பாளர்கள் இன்று பரவலாக விற்கும் செல்களில் அடங்குவது 2500 முதல் 3500 எம்ஏஎச் வரைதான். 9900 என்று அச்சிடத் துணிந்தவர், அந்த உறைக்குள் பழைய மடிக்கணினிப் பேட்டரியிலிருந்து பிரித்தெடுத்த செல்லை வைத்திருந்தாலும் வியப்பதற்கில்லை. வயல்வெளிக்குப் போகும்போது டார்ச்சில் போட்டால் வெளிச்சம் சீக்கிரம் மங்கும், அவ்வளவுதான். ஆனால் வாய்க்கு அருகே பிடித்து, பல ஆம்பியர் மின்னோட்டத்தை ஒரே மூச்சில் உறிஞ்சும் கருவியில் அதைப் போட எந்தக் காரணமும் இல்லை. தனி லித்தியம் செல்லை அஞ்சலில் வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கும் கடுமையான கட்டுப்பாடுகள் உண்டு. அங்கேயே நம்பகமான பேட்டரிக் கடையில் ஐந்தாறு பவுண்டுக்கு அசல் செல் கிடைக்கும்போது இந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

இனி முதல் கேள்வி. கழற்றக்கூடியதா, கழற்ற முடியாததா என்று தொடங்குவதைவிட, மாமா எத்தனை வாட்டில் இழுக்கிறார் என்று தொடங்குவதே சரி. மற்ற எல்லாமே அந்த ஓர் எண்ணிலிருந்து கிளைக்கின்றன. சிகரெட்டைப் போலப் புகையை முதலில் வாயில் வாங்கிப் பிறகு உள்ளே இழுக்கும் பாட் கருவிகள் பெரும்பாலும் 10 முதல் 20 வாட்டுக்குள் இயங்கும். நேரடியாக நுரையீரலுக்கு இழுத்து மேகம் போலப் புகைவிடும் பெரிய டேங்குகள் (திரவக் கலன் கொண்டவை) 50, 60 வாட்டையும் தாண்டும். மாமா சிகரெட்டிலிருந்து மாறியவர் என்பதால் முதல் வகையாகத்தான் இருப்பார் என்று கொண்டு, 15 வாட் என்று வைத்துக் கணக்குப் போடுகிறேன்.

800 எம்ஏஎச் செல்லை அதன் சராசரி மின்னழுத்தமான 3.7 வோல்ட்டால் பெருக்கினால் ஏறத்தாழ 3 வாட் மணி கிடைக்கிறது. கருவியின் மின்சுற்றில் பத்தில் ஒரு பங்கு வீணாகும் என்று கழித்தால், 15 வாட்டில் மொத்தம் 640 விநாடிகள் இயங்கும். ஓர் இழுப்பு 3 விநாடி என்றால் 200க்குச் சற்று அதிகமான இழுப்புகள். நாளொன்றுக்கு ஒரு பாக்கெட் பிடித்தவருக்கு இது புதிதாக இருந்தபோது போதுமானதாகவும், தேய்ந்த பிறகு பற்றாததாகவும் இருப்பதில் புதிர் ஒன்றுமில்லை.

தேய்மானம் எப்படி நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். லித்தியம் செல் முழுமையாக நிறைந்து முழுமையாகத் தீரும் ஒரு சுற்றை 300 முதல் 500 முறை தாங்கும். அதற்குள் கொள்ளளவு சுமார் 80 சதவீதத்துக்கு இறங்கிவிடும். சிறிய செல்லை அன்றாடம் அடிமட்டம் வரை தீர்த்து நிரப்புபவர் நாளுக்கு ஒரு சுற்றைச் செலவிடுகிறார்; ஓராண்டைத் தாண்டியதும் களைப்பு தெரியத் தொடங்கும். அதே பழக்கத்துக்கு 3000 எம்ஏஎச் செல் ஒன்றைக் கொடுத்தால் நாளுக்கு ஏறத்தாழக் கால் சுற்றுதான் செலவாகிறது. ஆழமாகத் தீராததால் ஒவ்வொரு சுற்றின் தேய்மானமும் குறைகிறது. ஆகவே பெரிய செல் அதிக நேரம் ஓடுவதோடு அதிக ஆண்டுகளும் உழைக்கும். இங்கே கத்திரி வெயிலில் நாள் முழுவதும் நிறுத்திவைத்த வண்டிகளின் தொகுப்புகள் அடுத்த ஆண்டே சோர்ந்துபோவதைப் பார்க்கும் எனக்கு, லெஸ்டரின் குளிர்ச்சியான வானிலை மாமாவின் பேட்டரிக்குக் கிடைத்த வரமாகவே தோன்றுகிறது.

செல்லைத் தேர்ந்தெடுக்கும்போது கொள்ளளவை மட்டும் பார்க்கக் கூடாது. தொடர்ச்சியாக எத்தனை ஆம்பியர் தரும் என்பதும் முக்கியம். இவ்விரண்டும் பெரும்பாலும் எதிரெதிராக இழுக்கும். சாம்சங் 25ஆர் 2500 எம்ஏஎச் கொள்ளளவில் 20 ஆம்பியர் தரும். அதே நிறுவனத்தின் 30கியூ 3000 எம்ஏஎச், 15 ஆம்பியர். 35இ 3500 எம்ஏஎச், ஆனால் 8 ஆம்பியர் மட்டுமே. மாமாவின் 15 வாட்டை, செல் தீரும் தறுவாயில் இருக்கும் 3.2 வோல்ட்டால் வகுத்து, மின்சுற்று இழப்பையும் சேர்த்தால் 5.2 ஆம்பியர்தான் வருகிறது. மேற்சொன்ன எந்தச் செல்லும் வியர்க்காமல் தரும். ஆனால் 60 வாட் கருவி ஒற்றைச் செல்லிடம் ஏறத்தாழ 21 ஆம்பியர் கேட்கும். அப்போது 25ஆர் கூட விளிம்பில் நிற்கும், 35இ சூடேறித் துன்பப்படும். கடைக்காரர் காட்டிய கருவி எத்தனை வாட் என்பதைக் கேட்டுச் சொல்லுங்கள்.

அக்காளின் அச்சம் நியாயமானது. ஆனால் அது செல் கழற்றக்கூடியதாக இருப்பதால் வரும் ஆபத்து அன்று. கழற்றிய செல்லை எப்படி வைத்திருக்கிறோம் என்பதால் வருவது. 18650 செல்லின் வெளி உலோகக் கூடு முழுவதுமே எதிர்முனை. மேல்விளிம்பில் நேர்முனைக்கும் அந்தக் கூட்டுக்கும் இடையே ஒரு சிறு வளையமும் மெல்லிய பிளாஸ்டிக் உறையும் மட்டுமே தடுப்பு. சாவிக்கொத்தோ சில்லறையோ அந்த இரண்டையும் இணைத்துவிட்டால் நூறு ஆம்பியரை நெருங்கும் மின்னோட்டம் பாய்ந்து, சட்டைப்பையிலேயே தீப்பிடிக்கும். ஆனால் இது எளிதாகத் தடுக்கக்கூடிய விபத்து: மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி ஒன்றின் விலை மிகக் குறைவு. உறையில் சிறு கிழிசல் தெரிந்தாலும் அந்தச் செல்லைப் பயன்படுத்தக் கூடாது. உறையை மாற்றிய பிறகே பயன்படுத்த வேண்டும்.

நார்தாம்டன் ஆம்பூரான் எழுதியது:

ஆம்பூரில் காலணித் தொழிலில் இருந்து, அதே தொழிலுக்காக நார்தாம்டன் வந்து சேர்ந்தவன் நான். லெஸ்டர் பக்கத்து ஊர். சிகரெட்டை விடுவதற்காகவே இந்தப் பழக்கத்துக்கு வந்தவன் என்பதால் பயன்படுத்துபவரின் கோணத்தில் சிலவற்றைச் சொல்கிறேன். சிப்காட் அண்ணனின் கணக்கை மறுக்கவில்லை. ஆனால் அதிலிருந்து அவர் செல்லும் திசையில் எனக்கு முழு உடன்பாடு இல்லை.

பாட் கருவிகள் பேட்டரி தேய்ந்து மட்டும் சாவதில்லை. சார்ஜ் செய்யும் துளை தளர்ந்துபோகும். திரவம் கசிந்து மின்முனையில் படியும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் கருவிக்கான காயிலையும் (திரவத்தைச் சூடாக்கும் கம்பிச் சுருள்) பாட் எனப்படும் திரவக் குப்பியையும் தயாரிப்பாளர் நிறுத்திவிடுவார். கழற்றக்கூடிய செல் இருந்தும், பொருந்தும் காயில் கிடைக்காத கருவியை வைத்து என்ன செய்வது? ஆகவே மாமா கடைக்குப் போகும்போது முதலில் கேட்க வேண்டியது இந்தக் காயில் வகை எத்தனை கருவிகளில் பயன்படுகிறது, எத்தனை கடைகளில் கிடைக்கிறது என்பதையே. ஒரே காயில் வரிசையைப் பல கருவிகளுக்குப் பொதுவாக வைத்திருக்கும் தயாரிப்பாளரின் கருவியை வாங்கினால், பேட்டரி சோர்ந்த பிறகு கருவியை மட்டும் மாற்றிக்கொண்டு, வாங்கி வைத்த காயில்களைத் தொடர்ந்து பயன்படுத்தலாம்.

இரண்டாவது, பெரிய கருவிக்கு மாறுபவர்கள் திரவத்தையும் மாற்ற வேண்டும் என்பதைக் கடைக்காரர்கள் எப்போதும் எடுத்துச் சொல்வதில்லை. இந்த நாட்டில் நிக்கோட்டின் அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. டேங்கின் கொள்ளளவு 2 மில்லிலிட்டர். நிக்கோட்டின் கலந்த குப்பி 10 மில்லிலிட்டர். சிறிய பாட் கருவியில் 20 மில்லிகிராம் நிக்கோட்டின் உப்புத் திரவம் சரியாக இருக்கும். அதையே 60 வாட் டேங்கில் ஊற்றி இழுத்தால் தலைசுற்றலும் குமட்டலும் உறுதி. பெரிய டேங்கில் 3 அல்லது 6 மில்லிகிராம் திரவமே பொருந்தும்; அது கெட்டியான வகையாகவும் இருக்க வேண்டும். பெரிய டேங்க் குடிக்கும் திரவத்தின் அளவும் பல மடங்கு. 2026 அக்டோபர் 1 முதல் ஒவ்வொரு 10 மில்லிலிட்டருக்கும் 2.20 பவுண்டு வரி என்று இங்கே அறிவித்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் பெரிய டேங்க் மாதச் செலவைக் கடித்துவிடும். சிகரெட்டை விடுவதற்காக வந்தவர், விட்ட இடத்திலிருந்து படிப்படியாகக் குறைத்துக்கொண்டு போக வேண்டுமே தவிர, புகையின் அளவைக் கூட்டிக்கொண்டு போவதில் பொருளில்லை.

ஆகவே என் பரிந்துரை எளிது. 1500 முதல் 2000 எம்ஏஎச் வரை உள்ளிணைந்த பேட்டரி கொண்ட பாட் கருவி ஒன்றை வாங்கச் சொல்லுங்கள். கையில் தனிச் செல் இல்லை, தனிச் சார்ஜர் இல்லை, அக்காளுக்குக் கவலையும் இல்லை. பகலில் அணைந்துவிடும் என்ற அச்சம் இருந்தால், விலை குறைந்த சிறிய கருவி ஒன்றைப் பையில் மாற்றாக வைத்துக்கொள்ளலாம். நான் பார்த்தவரை, கருவி அணைந்த அரைமணி நேரத்தில்தான் பலர் மீண்டும் சிகரெட்டுக்குத் திரும்பியிருக்கிறார்கள். அந்த அரைமணி நேரத்துக்கு வழி செய்வதே நல்ல மேம்பாடு.

சிப்காட் செல் எழுதியது:

ஆம்பூர் நண்பர் சொன்ன காயில் செய்தி எனக்குப் புதியது, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் சார்ஜ் துளை தளர்வதை அவர் உள்ளிணைந்த பேட்டரிக்கு ஆதரவாகச் சொன்னதுதான் பொருந்தவில்லை. துளை பழுதானால் உள்ளிணைந்த பேட்டரிக் கருவி அன்றே பயனற்றுப்போகிறது; செல்லைக் கழற்ற முடிந்தால் வெளிச் சார்ஜரில் நிரப்பி அதே கருவியை ஆண்டுக்கணக்கில் ஓட்டலாம். உள்ளே இருக்கும் செல் பெரும்பாலும் உலோகப் பட்டையால் மின்சுற்றோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அதைப் பிரித்து மாற்ற முயலும் காணொளிகள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. தயவுசெய்து யாரும் அந்த வேலையில் இறங்க வேண்டாம். பை வடிவச் செல்லைக் கத்தி முனை துளைத்தாலே போதும், தீப்பிடித்துவிடும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய பேட்டரி ஒழுங்குமுறையின்படி, 2027 பிப்ரவரி 18 முதல் சிறு கருவிகளின் பேட்டரிகளைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்றும்படி அமைக்க வேண்டும், சில விலக்குகள் தவிர. இங்கிலாந்து ஒன்றியத்தில் இல்லை என்றாலும், ஒரே தயாரிப்பாளர்கள் இரண்டு சந்தைக்கும் செய்வதால் கழற்றக்கூடிய சிறிய பாட் கருவிகள் வருங்காலத்தில் கூடும் என்று எதிர்பார்க்கிறேன்.

இன்னொன்று: மின்சுற்றே இல்லாமல் செல்லை நேரடியாகக் காயிலோடு இணைக்கும் இயந்திர வகைக் கருவிகளும் விற்பனையில் உண்டு. அவற்றில் குறுக்கிணைப்பை (ஷார்ட் சர்க்யூட்) தடுக்கவும், செல் அளவுக்கு மீறித் தீர்வதைத் தடுக்கவும் எதுவும் இல்லை. யார் சொன்னாலும் மாமா அந்தப் பக்கம் போகக் கூடாது.

சத்துவாச்சாரி நீதிமன்றச் சாலை எழுதியது:

பேட்டரி விவாதத்தில் எனக்கு இடமில்லை. மூன்றாவது கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன், ஏனெனில் அதைத் தவறவிட்டால் மற்றவை எல்லாம் வீண்.

கொண்டுவரக் கூடாது. தமிழ்நாட்டில் மின்சிகரெட்டுகளுக்கு 2018ஆம் ஆண்டிலேயே தடை வந்துவிட்டது. நாடு முழுவதற்குமாக 2019 செப்டம்பரில் அவசரச் சட்டமும், அதைத் தொடர்ந்து அதே ஆண்டு டிசம்பரில் மின்சிகரெட்டுகள் தடைச் சட்டமும் வந்தன. உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதி, கொண்டுசெல்லுதல், விற்பனை, வழங்குதல், விளம்பரம் ஆகிய அனைத்தையும் அச்சட்டத்தின் 4ஆம் பிரிவு தடை செய்கிறது. முதல் குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். மீண்டும் செய்தால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும். சேமித்து வைப்பதற்குத் தனியே 5ஆம் பிரிவு இருக்கிறது. அதற்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ.

"விற்பதற்காக அல்ல, என் சொந்தப் பயன்பாட்டுக்காக ஒன்றே ஒன்று" என்று விமான நிலையத்தில் வாதிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து கொண்டுவருபவருக்குச் சொந்தப் பயன்பாடு என்ற விலக்கை அந்தச் சட்டம் எங்கும் தரவில்லை. கருவி எந்தப் பெயரில், எந்த வடிவில், எந்த அளவில் இருந்தாலும் சட்டத்தின் வரையறைக்குள் வரும்படி எழுதியிருக்கிறார்கள். புகையிலையை எரிக்காமல் சூடாக்கும் கருவிகளும் மின் ஹூக்காவும் கூட அதில் அடக்கம். விலக்கு ஒன்று மட்டும் உண்டு: மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்ற பொருட்கள். மருந்துக்கடையில் விற்கும் நிக்கோட்டின் சூயிங்கம் அவ்வகையானது.

குடியாத்தத்திலும் பேரணாம்பட்டிலும் வீட்டுக்கு வீடு பீடி சுற்றும் மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு, பீடியை விற்கலாம், இதை வைத்திருக்கக் கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பதில் தவறில்லை, அந்த விவாதத்தைச் சுங்க அதிகாரியிடம் நடத்துவதுதான் தவறு. சிங்கப்பூர் வழியாகப் பயணச்சீட்டு எடுக்கும் எண்ணம் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அங்கே வைத்திருப்பதே குற்றம்.

காகிதப்பட்டறை எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதியவர்களுக்கு நன்றி. மாமாவிடம் பேசிவிட்டேன். இப்போதுள்ள காயில் 0.8 ஓம், திரையில் 15 வாட் என்றே காட்டுகிறதாம். திரவம் 20 மில்லிகிராம். கடைக்காரர் காட்டிய பெரிய கருவி 80 வாட் வரை போகக்கூடியது, ஒற்றை 18650 செல். அதோடு வரும் டேங்க் நேரடியாக நுரையீரலுக்கு இழுக்கும் வகை. கருவியை ஊருக்குக் கொண்டுவருவதில்லை என்று முடிவாகிவிட்டது. அதனால் அந்த மூன்று வாரத்தை எப்படிக் கடப்பது என்று மாமா கேட்கிறார். கல்யாண வீடு, பொங்கல், பழைய நண்பர்கள் என்று இங்கே சிகரெட்டை நீட்டுவதற்கு ஆட்கள் நிறைய.

தொரப்பாடி மருந்தாளுநர் எழுதியது:

நிக்கோட்டின் சூயிங்கம் இங்கே 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என இரண்டு வலிமைகளில் கிடைக்கிறது. 4 மில்லிகிராமுக்கு மருத்துவரின் சீட்டு தேவை. பலர் அதைச் சாதாரண சூயிங்கம் போல விடாமல் மென்று, நிக்கோட்டினை எல்லாம் விழுங்கிவிட்டு, நெஞ்செரிச்சலும் விக்கலும் வந்ததும் "இது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று நிறுத்திவிடுகிறார்கள். நாக்கில் காரம் தெரியும் வரை மெதுவாக மென்று, பிறகு கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் மறைந்ததும் மீண்டும் மெல்ல வேண்டும். நிக்கோட்டின் வாயின் உட்தோல் வழியாகவே உடலில் சேர்கிறது. காப்பி குடித்த உடனே போட்டால் வேலை செய்யாது. கால் மணி நேரம் இடைவெளி வேண்டும். நம் ஊரில் ஒருவர் வீட்டுக்குப் போனதும் டம்ளரை நீட்டிவிடுவார்கள் என்பதால் இதை முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

மாமா பயன்படுத்தும் 20 மில்லிகிராம் திரவத்துக்கு எந்த வலிமை ஈடாகும், எத்தனை எண்ணிக்கை என்பதை லெஸ்டரில் இருக்கும்போதே மருத்துவரிடமோ, சிகரெட்டை விட உதவும் சேவையிலோ கேட்டுக்கொள்வது நல்லது. இதய நோய் இருந்தால் கட்டாயம் கேட்க வேண்டும். இங்கே வந்த பிறகு உதவி தேவைப்பட்டால், சிகரெட் பாக்கெட்டுகளிலேயே அச்சிடப்பட்டிருக்கும் 1800 11 2356 என்ற தேசியக் கட்டணமில்லா எண் இருக்கிறது.

நார்தாம்டன் ஆம்பூரான் எழுதியது:

80 வாட் கருவியும் நேரடி டேங்கும் மாமாவுக்கு வேண்டவே வேண்டாம். அவர் கேட்டது பகல் முழுவதும் ஓடும் பேட்டரி. கடைக்காரர் விற்கப் பார்ப்பது வேறொரு பழக்கம். அந்த டேங்கில் தன்னிடம் இருக்கும் 20 மில்லிகிராம் திரவத்தை ஊற்றிவிட்டால் முதல் நாளே மயக்கம் வரும். இப்போதுள்ள 0.8 ஓம் காயிலையே ஏற்கும், பெரிய பேட்டரி கொண்ட கருவி அதே தயாரிப்பாளரிடம் இருக்கிறதா என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். இருந்தால் அதோடு கதை முடிந்தது; கையிருப்பில் உள்ள காயிலும் வீணாகாது.

சிப்காட் செல் எழுதியது:

இந்த இடத்தில் நானும் ஆம்பூர் நண்பரும் ஒன்றுசேர்கிறோம். 0.8 ஓம் காயிலில் 15 வாட் என்றால் காயிலின் முனைகளில் ஏறத்தாழ 3.5 வோல்ட், எந்த ஒற்றைச் செல் கருவிக்கும் இது மிக எளிய வேலை. இரண்டு வழிகளும் மாமாவுக்கு ஒத்துவரும். 2000 எம்ஏஎச் உள்ளிணைந்த கருவி 15 வாட்டில் 500க்கு மேற்பட்ட இழுப்புகளைத் தரும். அவருடைய ஒரு நாளுக்கு அது தாராளம், அடுத்த ஆண்டு தேய்ந்த பிறகும் இரவு வரை வரும். 3000 எம்ஏஎச் 18650 செல் போடும் சிறிய கருவி 800 இழுப்புகள் வரை போகும். செல் சோர்ந்தால் கருவியை எறியாமல் செல்லை மட்டும் மாற்றலாம். இரண்டு மூன்று ஆண்டுகள் இதிலேயே இருக்கப்போகிறார் என்றால் இரண்டாவது வழி. ஓராண்டுக்குள் நிக்கோட்டினையே விட்டுவிடும் எண்ணம் உறுதியாக இருந்தால் முதல் வழி. அந்த எண்ணம் எவ்வளவு உறுதி என்பது அக்காளுக்கே நன்றாகத் தெரிந்திருக்கும்.

செல் வகைக்குப் போனால் 30கியூ போன்ற 3000 எம்ஏஎச், 15 ஆம்பியர் செல் போதும். தட்டையான மேல்முனை கொண்டதா, குமிழ் போன்ற முனை கொண்டதா என்பதைக் கருவியின் கையேட்டைப் பார்த்து வாங்க வேண்டும். இரண்டு செல் வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் பகலில் அணையும் கேள்வியே எழாது.

ஊருக்கு வரும்போது செல்லையோ உள்ளிணைந்த கருவியையோ முழுமையாக நிரப்பி வைத்துவிட்டு வரக் கூடாது. முற்றிலும் தீர்த்துவிட்டும் வரக் கூடாது. பாதி அளவில், அதாவது 3.7 அல்லது 3.8 வோல்ட்டில், வெயில் படாத இழுப்பறையில் வைத்துவிட்டு வரட்டும். செல்லைக் கருவியிலிருந்து கழற்றிப் பெட்டியில் போட வேண்டும். டேங்கில் திரவம் இருந்தால் காலி செய்துவிட வேண்டும். பழைய 800 எம்ஏஎச் கருவியை வீட்டுக் குப்பையில் போட வேண்டாம். குப்பை வண்டியின் அழுத்தத்தில் நசுங்கும் லித்தியம் செல்கள் தீப்பிடிக்கின்றன. வேப் விற்கும் கடைகள் பழைய கருவிகளைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பது அந்நாட்டு விதி. புதியதை வாங்கும் கடையிலேயே கொடுத்துவிடலாம்.

காகிதப்பட்டறை எழுதியது:

அக்காள் சிரித்துக்கொண்டே, "இரண்டு செல், ஒரு பெட்டி" என்று சொல்லிவிட்டார். எண்ணம் எவ்வளவு உறுதி என்பதற்கு அதுவே விடை என்று எடுத்துக்கொள்கிறேன். 18650 செல் போடும் 40 வாட் கருவி ஒன்றில் இதே 0.8 ஓம் காயில் பொருந்துவதாகக் கடையில் உறுதி செய்துகொண்டார்கள்; 15 வாட்டிலேயே வைத்துக்கொள்வதாக மாமா ஒப்புக்கொண்டிருக்கிறார். வெளிச் சார்ஜரில் அரை ஆம்பியர், ஒரு ஆம்பியர், இரண்டு ஆம்பியர் என்று மூன்று வேகம் காட்டுகிறது. எதை வைப்பது?

சிப்காட் செல் எழுதியது:

ஒரு ஆம்பியர். 3000 எம்ஏஎச் செல் அந்த வேகத்தில் மூன்றரை முதல் நான்கு மணி நேரத்தில் நிறைந்துவிடும். அவரிடம் இரண்டு செல் இருப்பதால் அவசரம் இல்லை. இரண்டு ஆம்பியரில் செல் கூடுதலாகச் சூடேறித் தேய்வதுதான் மிச்சம். சார்ஜரை மெத்தை மேலோ தலையணை பக்கத்திலோ வைக்காமல், மேசை மேல், ஆள் விழித்திருக்கும் நேரத்தில் போடச் சொல்லுங்கள். 4.2 வோல்ட் வந்ததும் எடுத்துப் பெட்டியில் வைத்துவிடலாம்.